18,500 ரூபாய்க்கு சைலன்சர் மாத்தினா பிக்கப் வண்டி நல்லா இழுக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் கிடையாது, ஹோம் லோனும் கிடையாது. ஒரு சைலன்சரைப் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க. சொந்தமா ஒரு பிக்கப் வெச்சு ஓட்டுறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க பணம் எங்கே சேருது, எங்கே கரையுதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

போன மாசம் கம்பத்துல இருந்து ஒரு கிளையன்ட் ஆபீசுக்கு வந்திருந்தார். வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். 2022 மாடல் பொலேரோ பிக்கப், பிஎஸ்-6 வண்டி, லோன்ல எடுத்தது. தினமும் காய்கறி கிரேட் ஏத்திக்கிட்டு, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளி, கட்டப்பனை பக்கம் இறக்கிட்டுத் திரும்புவார். வருமான வரி வேலையா வந்தவர், கிளம்புற நேரத்துல சட்டைப் பையில இருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேஜையில வெச்சார்.

"ஆடிட்டர் தம்பி, இதைக் கணக்குல செலவாக் காட்டலாமா?"

ஒரு கடையில எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் அது. பெர்ஃபார்மன்ஸ் சைலன்சர், பைப், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். ஓரத்துல பேனாவால "மைலேஜ் +1" என்று எழுதி வட்டம் வேற போட்டிருந்தது. பில் வேண்டாம்னா 1,500 குறைச்சுக்கலாமாம்.

காட்டலாமா வேண்டாமாங்கிறது அப்புறம் அண்ணே, முதல்ல இதை எதுக்கு வாங்குறீங்கன்னு கேட்டேன். "மலை ஏத்தத்துல இழுவை இல்ல தம்பி. ரெண்டாவது கியர்லயே உருட்ட வேண்டியிருக்கு. அமெரிக்காக்காரன் வீடியோல மஃப்ளரை மட்டும் மாத்துறான், வண்டி பறக்குது."

(அவங்க மஃப்ளர்னு சொல்றது நம்ம சைலன்சர்தான். குமுளி குளிருக்குக் கழுத்துல சுத்துறது இல்ல.)

அன்னைக்கு அவர் பேங்க் பேலன்ஸ் 31,000. அஞ்சாம் தேதி ஈஎம்ஐ 17,400. சைலன்சர் வாங்கினா மிச்சம் 12,500. அதாவது அந்த மாச ஈஎம்ஐக்கு யார்கிட்டயாவது கைமாத்து வாங்கணும், இல்லேன்னா செக் பவுன்ஸ், அபராதம், சிபில் ஸ்கோர்ல ஒரு கறுப்புப் புள்ளி. அதனால இது ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் விஷயம்னு என்னால விட முடியல. எனக்குத் தெரிஞ்ச ஒரு டீசல் மெக்கானிக்கை போன்ல பிடிச்சு ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். மத்ததைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அமெரிக்க வண்டியும் நம்ம வண்டியும்

அந்த வீடியோக்கள்ல வர்ற வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ மாதிரியான பெரிய பிக்கப்புகள். உள்ளே பெட்ரோல் வி8 இன்ஜின், பல மாடல்கள்ல டர்போ கிடையாது. ஃபோர்டோட 5 லிட்டர் வி8 அப்படிப்பட்டதுதான். அந்த மாதிரி இன்ஜின் எரிஞ்ச புகையைத் தானே தள்ளி வெளியே அனுப்பணும். வழியில அடைப்பு இருந்தா அதுக்கும் சக்தி செலவாகும். கம்பெனி சைலன்சர்ல சத்தத்தைக் குறைக்க உள்ளே அறை அறையாத் தடுத்து, புகையை முன்னும் பின்னும் திருப்பி விடுவாங்க. அதை எடுத்துட்டு, நடுவுல ஓட்டை போட்ட நேர்க்குழாயும் சுத்தி கண்ணாடி நாரும் வெச்ச சைலன்சரை மாட்டினா, அதிக ஆர்பிஎம்ல கொஞ்சம் பலன் கிடைக்கும். அங்கேயும் கொஞ்சம்தான். நிறைய பேர் மாத்துறது அந்தச் சத்தத்துக்காக. அதை அவங்களே ஒளிக்காமச் சொல்றாங்க.

நம்ம பொலேரோ பிக்கப் டர்போ டீசல். 2,523 சிசி, சுமார் 75 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க். இதுல கதையே வேற. புகை இன்ஜினை விட்டு வந்ததும் டர்போவோட சக்கரத்தைச் சுத்திட்டுத்தான் வெளியே போகுது. சத்தத்துல பாதி அங்கேயே அடங்கிடும். அதுக்கப்புறம் பிஎஸ்-6 டீசல் வண்டிகள்ல பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். புகைப் பாதையில பெரிய தடை அந்த ஃபில்டர்தான். கடைசியில இருக்கிற சைலன்சர் ஏற்கெனவே தணிஞ்சு வந்த புகையைத்தான் வாங்கி விடுது. வாசல்ல கூட்டம் நெரியும்போது கொல்லைப்புறக் கதவை அகலமாக்கின மாதிரி ஆகும்.

இன்னொண்ணு. டீசல் இன்ஜின் எவ்வளவு சக்தி தரணும்னு முடிவு பண்றது எவ்வளவு டீசல் பீச்சப்படுதுங்கிறதுதான். அதை இசியூ என்கிற கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துது. சைலன்சரை மாத்தினதால கம்ப்யூட்டர் கூடுதலா ஒரு சொட்டு டீசலும் தராது. அப்ப மலையில கூடுதல் இழுவை எங்கிருந்து வரும்?

"அப்ப மாத்தினவங்கள்லாம் நல்லா இழுக்குதுன்னு சொல்றாங்களே?" நானும் மெக்கானிக்கிட்ட இதையே கேட்டேன். "சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி இருக்கும் சார், அவ்வளவுதான்"னு முடிச்சிட்டார். அதோட ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். சில பட்டறைகள்ல சைலன்சரோட சேர்த்து டிபிஎஃப்பையும் வெட்டி எடுத்துட்டு உள்ளே வெறும் பைப்பை வெச்சு வெல்டு பண்ணிடுவாங்களாம். அப்ப நிஜமாவே தடை குறையும். ஆனா அந்த ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பார்க்கிற சென்சார் இருக்கு. செக் இன்ஜின் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் சக்தியைக் குறைச்சிடும். அதை ஏமாத்த இன்னொரு செலவு பண்ணணும். மாசு விதியை வெளிப்படையா மீறின வண்டி ஆயிடும். வாரண்டி இருந்தா அதுவும் சிக்கல்ல மாட்டும். எஸ்டிமேட்ல "பைப்" என்று ஒரு வரி இருந்தது இல்லையா? அது எந்த பைப்னு கேட்டுட்டு வாங்கண்ணேன்னு சொல்லியிருக்கேன்.

இப்ப நம்ம ஏரியா: கணக்கு

தினம் 140 கிலோமீட்டர், மாசம் 25 நாள். மொத்தம் 3,500 கிலோமீட்டர். லோடோட மைலேஜ் 12. டீசல் லிட்டர் 92 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் சுமார் 292 லிட்டர், 26,833 ரூபாய்.

கடைக்காரர் சொன்ன மாதிரி 12 என்பது 13 ஆனா, டீசல் செலவு 24,769. மாசம் 2,064 மிச்சம். ஒன்பது மாசத்துல சைலன்சர் காசு திரும்பிடும். அடுத்த மாசத்துல இருந்து லாபம். பார்க்க அருமையான முதலீடு! எந்த ஃபிக்சட் டெபாசிட்டும் இப்படித் தராது. அதனாலதான் இந்த வலையில விழறோம். "மைலேஜ் +1" என்கிற நாலு எழுத்துலதான் மொத்தக் கணக்கும் நிக்குது, அதை யாரும் அளந்து பார்த்துச் சொல்லல.

மெக்கானிக் சொன்னது "ஒண்ணும் வராது". நான் தாராளமா 1 சதவீதம் வருதுன்னே வெச்சுக்கறேன். மாசம் மிச்சமாகறது 266 ரூபாய். 18,500 திரும்பி வர கிட்டத்தட்ட 70 மாசம் ஆகும். ஆறு வருஷத்துக்கு ரெண்டு மாசம் குறைவு. அவருக்கு லோனே இன்னும் 14 மாசம்தான் பாக்கி.

இதுல அபராதத்தைச் சேர்க்கல. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல, சத்தம், புகை அளவை மீறின வண்டியை ஓட்டினா 190(2) பிரிவுப்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம், மூணு மாசம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கு. லைசென்ஸ் மூணு மாசத்துக்குத் தகுதி இழப்பு. அனுமதி இல்லாம வண்டியை மாத்தி அமைச்சா ஓனருக்கு 182ஏ(4) பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அதுலயும் ஆறு மாசம் வரை சிறைக்கு இடம் உண்டு. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்குல சொல்லியிருக்கு. இவர் தினமும் ஓட்டுறது அதே கேரளாவுக்குள்ள! ஒரே ஒரு 10,000 ரூபாய் அபராதம்னா, மேலே சொன்ன 266 ரூபாய்க் கணக்குல மூணு வருஷத்து மிச்சம் காலி. தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மூணு மாசம் லைசென்ஸ் இல்லேன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எஃப்சியும் இருக்கு. சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். அந்த நேரத்துல பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டணும், முடிஞ்சதும் புதுசை மாட்டணும். ரெண்டு தடவை கூலி. பழைய சைலன்சரைக் கடையில விட்டுட்டு வந்திருந்தா அதுக்கு வேற அலையணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காம வண்டியை மாத்தி வெச்சிருந்தா, நாளைக்கு விபத்து கிளெய்ம்ல சர்வேயர் கேள்வி கேட்க நாமே இடம் கொடுத்த மாதிரி.

கணக்குல காட்டலாமா?

அவர் முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். இவர் வாடகைக்கு லோடு அடிக்கிறவர். பத்து வண்டிக்கு மேல இல்லாத ஆபரேட்டர்களுக்கு 44ஏஇ பிரிவு இருக்கு (1961 சட்டத்தோட எண். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்துல எண்கள் மாறுது). இந்த மாதிரி சின்ன சரக்கு வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு சட்டமே முடிவு பண்ணிடுது. வருஷத்துக்கு 90,000. டீசல், டயர், ரிப்பேர், தேய்மானம் எல்லாத்தையும் கழிச்ச பிறகு உள்ள வருமானம்னு அதை எடுத்துக்கறாங்க. அதனால அண்ணன் 18,500-க்கு பில் கொண்டு வந்தாலும், 500 ரூபாய்க்குக் கொண்டு வந்தாலும் அவர் வரியில ஒரு ரூபாய் குறையாது. சொந்தச் சரக்கை ஏத்துற வியாபாரியா இருந்து 44ஏடி-யில கணக்குக் காட்டுறீங்கன்னா அதுக்கும் இதே பதில்தான்.

முறையாப் புத்தகம் எழுதுறவங்களுக்கு மட்டும் ரிப்பேர் செலவு கழியும். போலீஸ் போடுற அபராதம் அவங்களுக்கும் கழியாது.

அதுக்காக பில் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. பில் இல்லாம 1,500 குறைச்சு வாங்கினா, ஆறு மாசத்துல வெல்டிங் விட்டுப்போச்சுன்னு போய் நிக்கும்போது, இது எங்க பொருளே இல்லைன்னு சொல்ல அவருக்கு வசதியாப் போயிடும்.

நிஜமாவே சைலன்சர் போயிருந்தா

இது தனி விஷயம். பல வருஷம் ஓடின வண்டியில துருப்பிடிச்சு ஓட்டை விழும், ஜாயின்ட்ல கறுப்பாக் கரி படியும், உள்ளே இருக்கிற தகடு கழன்டு கடகடன்னு ஆடும். கேபினுக்குள்ள புகை வாடை வந்தா அன்னைக்கே சரி பண்ணுங்க, அதுல கணக்கே பார்க்காதீங்க. அப்ப மாத்தறது அவசியச் செலவு. கம்பெனி பார்ட்டா, வெளி பார்ட்டாங்கிறதுதான் கேள்வி.

வெளி பார்ட் வாங்குறது தப்பே இல்ல. ஆனா பழைய அளவுக்கே வாங்குங்க. பைப் விட்டம், ஃபிளாஞ்ச், தொங்குற கொக்கி இருக்கிற இடம் எல்லாம் அப்படியே பொருந்தணும். வெட்டி ஒட்டித்தான் மாட்டணும்னா, அந்த பார்ட் உங்க வண்டிக்குப் பண்ணினது இல்ல. அகலமான பைப் போட்டா நல்லதுன்னு யாராவது சொன்னா, மேலே கொல்லைப்புறக் கதவுன்னு சொன்னேனே, அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தகடு எதுல பண்ணினதுன்னு கட்டாயம் கேளுங்க. சாதா இரும்புத் தகடு, அலுமினியம் பூசின தகடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு விலையும் ஆயுசும் ஏறிக்கிட்டே போகும். ஒரு உதாரணத்துக்கு, 4,000 ரூபாய் சாதா சைலன்சர் ரெண்டு வருஷம் தாங்கினா மாசம் 167 ரூபாய் ஆகுது. 7,500 ரூபாய் அலுமினியம் பூச்சு அஞ்சு வருஷம் தாங்கினா மாசம் 125 தான். ஆனா லோன் முடிஞ்சதும் வண்டியைத் தள்ளிவிடப் போறீங்கன்னா 4,000 ரூபாய் சைலன்சரே போதும். அஞ்சு வருஷ ஆயுசுக்கு நீங்க காசு கொடுத்து, அதை அடுத்த ஓனர் அனுபவிக்க வேண்டாம்.

அப்ப இழுவை ஏன் இல்ல?

இதுதான் நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போச்சு. மெக்கானிக் முதல்ல சொன்னது ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஈஜிஆர்ல கரி, சக்கரத்துல பிரேக் பிடிச்சிட்டு இருக்கா, டயர் காத்து. இவ்வளவும் பார்த்ததுல அண்ணன் வண்டியில ஏர் ஃபில்டர் அடைஞ்சிருந்தது, ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காத்து கசிஞ்சிட்டு இருந்தது. ஈஜிஆரையும் கழட்டிச் சுத்தம் பண்ணினாங்க. மொத்தச் செலவு 2,350 ரூபாய். வண்டி முன்னைக்கு இப்ப பரவாயில்லன்னு சொன்னார்.

ஆனா மெக்கானிக் கடைசியா ஒண்ணு கேட்டார். "அண்ணன் எவ்வளவு ஏத்துறார்?" நான் கேட்டப்போ அண்ணன் சிரிச்சார். 85 கிரேட். காய் 25 கிலோ, காலி கிரேட் 2 கிலோ. கூட்டினா 2,295 கிலோ. இவர் வண்டிக்கு அனுமதி 1,700. கிட்டத்தட்ட 600 கிலோ கூடுதல். இந்த எடையோட மலை ஏறும்போது 75 குதிரைசக்தி இன்ஜின் ரெண்டாவது கியர் கேட்கத்தான் செய்யும். எந்த சைலன்சரும் அதுக்கு மருந்து இல்ல.

"குறைச்சுக்கோங்கண்ணே"ன்னு சொல்றது எனக்கு ஈசி. பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்தோம். கிரேட்டுக்கு 40 ரூபாய். 85 கிரேட்டுக்கு ஒரு நாளைக்கு 3,400, மாசம் 85,000. டீசல் 26,800, ஈஎம்ஐ 17,400, ஏத்து இறக்குக் கூலி 6,000, டயருக்கும் சர்வீசுக்கும் 7,000, இன்சூரன்சும் பர்மிட்டும் மாசத்துக்குப் பிரிச்சா 4,000. கையில நிக்கிறது 23,800. அனுமதிக்குள்ள ஏத்தினா 62 கிரேட் தாண்டாது. 23 கிரேட் குறையும், மாசம் 23,000 வரவு போகும். மிச்சம் 800 ரூபாய்.

பேனாவைக் கீழே வெச்சிட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவர் குடும்பம் சாப்பிடுறது அந்த 600 கிலோவுலதான். அந்த 600 கிலோவை மலை ஏத்தத்தான் அவருக்கு சைலன்சர் தேவைப்பட்டது. ஓவர்லோடுக்கு 194-ஆம் பிரிவுல அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேல 2,000. ஒரு தடவை மாட்டினா ஒரு மாச வருமானம் அங்கேயே நின்னுடும். இறக்கத்துல பிரேக் என்ன பாடுபடும்னு நினைக்கவே பயமா இருக்கு.

இது வாடகை ரேட் பிரச்னை. மூணு வருஷமா அதே 40 ரூபாய்தான் வாங்கிட்டு இருக்கார். டயர், இன்சூரன்ஸ், கூலி எல்லாம் ஏறிடுச்சு. அந்தப் பேப்பரையே எடுத்துக்கிட்டுப் போய் வியாபாரிகிட்டப் பேசச் சொன்னேன். கேட்க கூச்சப்பட்டார், ஆனா போனார். கிரேட்டுக்கு 47 வரைக்கும் வந்திருக்காங்க. 62 கிரேட்னா ஒரு நாளைக்கு 2,914. மாசம் 72,850. பழைய வரவைவிட இன்னும் 12,150 குறைவு. எடை குறைஞ்சதால டீசல்ல கொஞ்சம் மிச்சம் ஆகும், டயர் கூட நாள் வரும். மீதியை ஈடுகட்ட, காலியாத் திரும்பி வர்ற வண்டிக்கு ரிட்டர்ன் லோடு தேடிட்டு இருக்கார். குமுளியில இருந்து போடிக்கு வாரம் மூணு நாள் லோடு தர்றதா ஒருத்தர் சொல்லியிருக்காராம். இன்னும் முடிவாகல. அது கிடைக்கலேன்னா இந்தக் கணக்கு நிக்காது, அதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

அந்த மாச ஈஎம்ஐ அஞ்சாம் தேதி ஒழுங்காப் போயிடுச்சு. எஸ்டிமேட் சீட்டு இன்னும் என் மேஜை டிராயர்லதான் இருக்கு.

உங்க வண்டிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கணும்னா, அடுத்த ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு தடவையும் டேங்க் ஃபுல் பண்ணுங்க. கிலோமீட்டரும் லிட்டரும் ஒரு நோட்டுல எழுதுங்க. கூடவே அன்னைக்கு ஏத்தின எடையையும் எழுதுங்க. அந்த நோட்டு இல்லாம யார் உங்களுக்கு "மைலேஜ் +1" சொன்னாலும், எதுல இருந்து ப்ளஸ் ஒண்ணுன்னு திருப்பிக் கேளுங்க.